தலையாட்டி

“அடிச்சிருப்பா. வேற என்ன?”

பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் அக்கா ரகசியம் பேசினாள். அவள் ரகசியம் பேசினால் வார்டு முழுக்கக் கேட்கும்.

கட்டிலில் தம்பி, தலையில் பெரிய கட்டு. மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்து, வாரக்கணக்கில் தேங்கியிருந்ததாம். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, பேச்சும் குழறிய பிறகுதான் பதறிப்போய்த் தூக்கிவந்தார்கள். மண்டையில் துளை போட்டு எடுத்தாயிற்று. பிழைத்துவிட்டான் என்றதும் அக்காவுக்குப் போன வாய் திரும்பிவிட்டது.

“விழலையாம், எங்கேயும் இடிச்சுக்கலையாம். அப்புறம் ரத்தம் தானா வருமா? அடிக்கலேன்னாலும், கல்யாணமான நாள்லேருந்து இவ சொல்றதுக்கெல்லாம் தலையாட்டித் தலையாட்டியே கசிஞ்சிருக்கும்!”

தம்பி மனைவி காதில் விழாதவள் மாதிரி துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நகரு. தலையைப் பிடிச்சு விடறேன். என் பார்லருக்கு முதல் கஸ்டமரே இவன்தான். என் கை பட்டா வலி பறந்துடும்.”

சட்டென்று குறுக்கே கை நீண்டது. “வேண்டாம் அண்ணி.”

“பார்த்தீங்களா? கூடப்பிறந்தவளைத் தொடக்கூட விடமாட்டேங்கறா!”

தம்பி கண்ணைத் திறந்தான். இரண்டு பேரையும் பார்த்தான். மறுபடி மூடிக்கொண்டான். பிழைக்கத் தெரிந்தவன்.

அக்கா விடுவிடுவென்று டாக்டர் அறைக்குப் போனாள்.

“மறைக்காதீங்க டாக்டர். எதால அடிச்சா?”

“அடியே படலைம்மா. கழுத்தை வெடுக்குனு திருப்பிச் சொடுக்கு எடுத்தாக்கூட, அபூர்வமா சிலருக்கு இப்படி ஆகும். ரெண்டு மாசம் முன்னாடி யாரோ தலைக்கு மசாஜ் பண்ணிட்டு, ரெண்டு பக்கமும் படக் படக்குனு எடுத்திருக்காங்க. அன்னிலேருந்துதான் தலைவலி.”

அக்கா அறைக் கதவைச் சாத்தினாள்.

“யா... யாருன்னு சொன்னாங்களா?”

“அவர் மனைவியைக் கேட்டேன். ‘பேரை மட்டும் கேட்காதீங்க டாக்டர். பாசத்துல செஞ்சது, தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. இனிமே யார் கழுத்தையும் தொடாதபடி நானே பக்குவமா சொல்லிக்கறேன்’னாங்க.”

வார்டுக்குத் திரும்பி வந்தவள், கைகள் இரண்டையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“காலையிலேருந்து பட்டினியா இருக்கீங்க அண்ணி. ஒரு காபி வாங்கிட்டு வரட்டுமா?”

தம்பி மனைவி சொன்ன வார்த்தைக்கு, வாழ்நாளில் முதல் தடவையாக, அக்கா தலையாட்டினாள்.