மைனஸ் இருநூறு கிலோ

செயலியில் வந்த லோடு விவரத்தில் நான்கு மரப்பெட்டிகள், எடை மைனஸ் இருநூறு கிலோ என்று இருந்தது. அனுப்புகிறவருக்குக் கை தவறியிருக்கும் என்று நினைத்து, மினி லாரி ஓட்டுகிறவள் அதை ஏற்றுக்கொண்டாள்.

வழக்கப்படி வெறும் வண்டியை முதலில் எடைமேடையில் ஏற்றினாள். ஆயிரத்து இருநூறு கிலோ. கிடங்கு அலுவலகத்தில் அவள் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் பெட்டிகளை ஏற்றிக் கட்டிவிட்டிருந்தார்கள். மறுபடி எடைமேடைக்கு வந்தாள். ஆயிரம்.

எடைமேடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வண்டியிலேர்ந்து எதையாவது கழட்டி வச்சிட்டு வந்தியாம்மா?"

"ஸ்டெப்னிகூட இருக்குண்ணே. நீங்களே பாருங்க."

மூன்று முறை எடை போட்டும் ஆயிரம்தான். அவர் எழுந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

அன்று எந்த மேட்டிலும் வண்டி திணறவில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் இருவர் கயிற்றை அவிழ்த்தார்கள். பெட்டிகளை அவர்கள் தூக்கவில்லை. மேலிருந்து அழுத்திப் பிடித்தபடி, ஒவ்வொன்றாக உள்ளே நடத்திப் போனார்கள். நான்காவது பெட்டி இறங்கியதும் டயர்கள் பழையபடி அமுங்கின.

செயலி மணியடித்தது. அதே ஆள்தான். இந்த முறை இருபத்தைந்து பெட்டிகள்.

ஒரு பெட்டிக்கு மைனஸ் ஐம்பது கிலோ என்று மனக்கணக்குப் போட்டாள். மொத்தம் மைனஸ் ஆயிரத்து இருநூற்று ஐம்பது; வெறும் வண்டியே ஆயிரத்து இருநூறுதான். ஏற்றுக்கொள் என்பதை அழுத்திவிட்டு, கணவனுக்குப் போன் செய்தாள்.

"இருக்கறதுலயே நீளமான கயிறா எடுத்துட்டு வாங்க."

"பெட்டியைக் கட்டவா?"

"இல்லைங்க. வண்டியைக் கட்ட."