பெரிய கம்ப்யூட்டர் கண் விழித்த கதை

ஒரு ஆபீஸுக்குப் புதுசாக ஒரு பெரிய கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பீரோ மாதிரி உடம்பு, உள்ளே ஒன்றுமே கிடையாது. சாயங்காலத்துக்குள் அது வேலை செய்யாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு வேண்டிய மென்பொருளோடு இணைய வயர் காத்திருந்தது. அதே மென்பொருளைச் சுமந்துகொண்டு, பழைய கேசட் மாதிரி சுற்றும் ஒரு டேப்பும் பார்சலில் வந்து சேர்ந்தது.

"மூணு நாள் பஸ்ஸுல ஆடிக்கிட்டா வந்தீங்க அக்கா? நான் மூச்சு விடறதுக்குள்ள இறக்கிடுவேன்" என்று வயர் சிரித்தது.

"இறக்கு தம்பி, உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றது டேப்.

வயர் கூப்பிட்டது. கம்ப்யூட்டர் அசையவே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு மணி நாலாகிவிட்டது. திருப்பி எடுத்துப்போக லாரியும் வாசலில் வந்து நின்றது.

"இது செவிடா அக்கா?" வயருக்கு அழுகையே வந்துவிட்டது.

"செவிடு இல்லப்பா, பச்சைப்பிள்ளை. நீ பேசறது புரியவே உள்ளே ஏதாவது இருக்கணும்ல? பிறந்த பிள்ளையைச் சாப்பிட வான்னு கூப்பிட்டா வருமா? வாயில ஊட்டணும்."

டேப் கம்ப்யூட்டரின் வாய்க்குள் நுழைந்து நிதானமாகச் சுற்றியது. ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அப்புறம் வரிசையாக நாற்பது விளக்கு எரிந்தது.

"இன்னும் இருக்கா? பசிக்குது" என்றது கம்ப்யூட்டர்.

"இப்ப காது கேட்கும், மிச்சத்தை நீ கூப்பிட்டு ஊட்டு தம்பி" என்றது டேப்.

வயர் மெதுவாகத்தான் கூப்பிட்டது. கம்ப்யூட்டர் ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கியது. ஆபீஸே எழுந்து நின்று கை தட்டியது. வாசலில் நின்ற லாரி வெறும் வண்டியாகத் திரும்பிப் போனது.