மஞ்சக்கால் காளான் முளைக்கும் இடம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, போர்வையை இழுத்து மூடிக்கொள்ளுங்கள். ஓர் ஆஸ்பத்திரி அறையில் நடந்ததைச் சொல்கிறேன். சின்னக் கதைதான், ஆனால் கொஞ்சம் குளிரும்.

"சொல்லுங்கப்பா, இன்னும் எத்தனை வருஷம்தான் மறைச்சு வைப்பீங்க?" என்று சிரித்தாள் மலின். படுக்கையில் கிடந்த தகப்பன் ஹில்டிங்கின் வயிற்றின் மேலேயே காட்டு வரைபடத்தை விரித்திருந்தாள். கையில் பென்சில்.

நர்ஸ் இங்கெலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவர் இதயம் எதையும் தாங்காது, கெட்ட சேதி எதுவும் காதுல விழக்கூடாது, சிரிச்ச முகமாப் பேசுங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியவள் அவள்தான். அதற்காக இப்படியா? மகள் சேற்று பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று காளான் இடம் கேட்கிறாள்.

மஞ்சக்கால் காளான் அந்தப் பக்கத்தில் லேசுப்பட்ட விஷயமில்லை. காடு எல்லோருக்கும் பொது, பறிக்க யாருக்கும் காசு தர வேண்டாம். ஆனால் தன் இடத்தை மட்டும் எவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தங்கள் அப்பா யாரிடம் இடத்தைச் சொல்லிவிட்டுச் செத்தார் என்ற சண்டையில், இங்கெலாவின் மாமன்மார் இரண்டு பேர் பதினோரு வருஷமாக முகம் பார்ப்பதில்லை.

"என்னடி திடீர்னு?" என்றார் ஹில்டிங். நீலம் பாய்ந்த உதட்டில் குறும்பு மட்டும் குறையவில்லை.

"தூவாவுக்கு இலையுதிர்கால லீவுப்பா. ஒரு வாரம் அவளை வீட்டுக்குள்ள அடைச்சு வைக்க முடியுமா? காபியும் ரொட்டியும் கட்டிக்கிட்டு எல்லாருமா காட்டுக்குப் போனா, காசு செலவில்லாம ஒரு நாள் ஓடிரும்."

"தாராளமா கூட்டிட்டுப் போ. என் பேத்தி கண்ணைக் கட்டிக் கூட்டிட்டுப் போ."

"எங்களை அப்படித்தானே கூட்டிட்டுப் போனீங்க! மரத்துல முட்டி தம்பிக்குப் பல்லு போச்சு."

"பல்லு போனா முளைக்கும். இடம் போனா வருமா?" மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார் கிழவர். "உங்கம்மா ஸ்வேயாவுக்கே கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழிச்சுத்தான் காட்டினேன். ஆமா, அவ எங்க? நேத்தும் வரலை."

"சளிப்பா. இருமிக்கிட்டு வந்தா வார்டுக்குள்ள விடமாட்டாங்க." மலின் வரைபடத்தை நீவிவிட்டாள். அதில் பாதிக் கட்டங்களில் ஏற்கெனவே பெருக்கல் குறி போட்டிருந்தது. அடேயப்பா, காட்டையே சல்லடை போட்டிருக்கிறாள் என்று இங்கெலா பல்லைக் கடித்தாள்.

"காரை எங்க நிறுத்துவோம் சொல்லு பார்ப்போம்? சர்ச்சுக்குப் பின்னாடி! பார்க்கிறவன் ஜெபம் பண்ணப் போறோம்னு நினைச்சுக்குவான்."

"அது தெரிஞ்சுபோச்சுப்பா. அங்கேர்ந்து எந்தப் பக்கம்? ஏரிப் பக்கமா, மேட்டுப் பக்கமா?"

"மோப்பம் பிடிச்சிட்டியா, திருடி!" ஹில்டிங் விரலை நீட்டி வரைபடத்தில் ஓரிடத்தைத் தொட்டார். ஏரியின் நட்டநடுவே. தன் தமாஷுக்குத் தானே சிரிக்கப்போய் அது இருமலாக மாறியது. தலைமாட்டுக் கருவி கத்தத் தொடங்கியது.

"போதும், எழுந்திருங்க" என்றாள் இங்கெலா.

"ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் குடுங்க சிஸ்டர்." மலின் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தகப்பன் முகத்தருகே குனிந்தாள். "அப்பா, விளையாட்டு போதும். எனக்காகச் சொல்லுங்க."

கிழவர் மகளை உற்றுப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. "சரி, அழாதே. சொல்றேன். சர்ச்சுக்குப் பின்னாடி வேலியைத் தாண்டினதும்…"

மூச்சு இழுத்துக்கொண்டது. இப்படி வந்தால் போடச் சொல்லி டாக்டர் எழுதி வைத்திருந்த ஊசி இங்கெலாவின் கையில் தயாராக இருந்தது. மலின் "வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் மருந்து குழாய்க்குள் இறங்கிவிட்டது.

"தாண்டினதும்? அப்பா, தாண்டினதும்?"

ஹில்டிங்கின் இமைகள் மூடிக்கொண்டன. மூச்சு சீரானது.

இங்கெலா அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே கொண்டுவந்து கதவைச் சாத்தினாள். "நாளைக்குக் காலை வரைக்கும் அவர் கண்ணு திறக்க மாட்டார். அதுக்கப்புறமும் திறப்பாரான்னு தெரியாது. இந்த நேரத்துல அவருக்குத் தண்ணி குடுக்கத் தோணலை, கையைப் பிடிச்சுக்கத் தோணலை. காளான் இடம் கேக்குறீங்களே, நீங்க அவர் பெத்த மகதானா?"

மலின் வரைபடத்தை மார்போடு அணைத்தபடி சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. நின்றிருந்த கார்களின் கண்ணாடியில் பனி உறையத் தொடங்கியிருந்தது.

"அம்மா நேத்து காலையில அங்கதான் போனாங்க, சிஸ்டர். இன்னும் திரும்பலை."

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும், கண்ணுகளா, பொழுது சாயுமுன் வாசல் வந்து சேரட்டும்.