ரத்தாகாத முன்பதிவு

மருத்துவமனையின் இணையதளத்தைச் சோதிப்பது அவள் வேலை. அதற்காகத் தானாகவே இயங்கும் சோதனை நிரல் ஒன்றை எழுதியிருந்தாள். தினமும் காலையில் அது ஒரு கற்பனை நோயாளிக்கு அவளுடைய போன் நம்பரில் முன்பதிவு செய்து, உடனே ரத்தும் செய்யும். ரத்தானதா என்று பார்க்கும் சோதனை மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது. சலித்துப்போய், எப்போதும் 'வெற்றி' என்றே சொல்லும்படி அதை மாற்றிவிட்டாள். மேலாளர் பாராட்டினார்.

மூன்றாம் வாரம், மருத்துவமனை வரவேற்பறை அக்கா போன் செய்தார்.

"உங்க நம்பர்ல புக் ஆகுற அம்மா தினமும் வந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்காங்கம்மா. வயசு நூத்திப் பதினொண்ணுங்கறாங்க."

கற்பனை நோயாளிக்கு அவள் கைக்கு வந்தபடி தட்டிய வயது அது.

"கோபமா இருக்காங்களா?"

"சேச்சே. 'ரத்து பண்ண மறந்திருக்கும், பாவம், அந்தப் பொண்ணுக்கு என்ன வேலையோ'ன்னு உங்களுக்காகத்தான் பேசறாங்க."

அவள் நிரலைத் திறந்து, 'வெற்றி' என்று மாற்றிய வரியைத் தேடினாள்.

"பக்கத்துலதான் இருக்காங்க, குடுக்கவா?" என்றார் அக்கா.