நாலு நாள்ல வந்துடறேன்

"நாயை உடறதுக்கு ஆதார் கார்டு எதுக்குக்கா? நான் இன்னா லோன் கேட்டா வந்திருக்கேன்?"

ஜாஸ்மின் குரலை உயர்த்தியும் அறிவுமதி அசையவில்லை. சிங்கவரம் சாலையில் பழைய வேர்க்கடலைக் குடோன் ஒன்றை அறை அறையாகத் தடுத்து, ஊருக்குப் போகிறவர்களின் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் இடமாக மாற்றியிருந்தாள் அவள். ஆதார் நகல், வீட்டு முகவரி, சொந்தக்காரர் ஒருவரின் போன் நம்பர், கொண்டுவந்து விடுகிறவரின் போட்டோ. இத்தனையும் கொடுத்தால்தான் நாய் உள்ளே வரும்.

மறுநாள் விடிந்தால் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்புகிறது. கல்யாணமான புதிதில் ஜாஸ்மின் நேர்ந்துகொண்டது. இரண்டு வருடமாகத் தள்ளிப்போகிறது. நாய் டோபியை விட்டுப்போக இன்று ஓர் இடம் கிடைக்காவிட்டால் இந்த வருடமும் இல்லை.

புருஷன்மேல் வேறு அவளுக்குக் கோபம். ஒரு வாரமாக கிறிஸ்டோபர் இந்த இடம் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். திண்டிவனத்தில் விடலாம், விழுப்புரத்தில் விடலாம் என்றான். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டு நாயை பஸ்ஸிலா கொண்டுபோவது என்று மல்லுக்கட்டித்தான் அழைத்து வந்தாள். வந்தவன் உள்ளே வரவில்லை. மலைப்பாறைகள் அனல் கக்கும் அந்த மத்தியானத்தில், கேட்டுக்கு வெளியே ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பைக்மேல் உட்கார்ந்திருந்தான்.

"கோச்சுக்காதம்மா. அதப் பாரு, அப்புறம் பேசு" என்று அறிவுமதி மூலையைக் காட்டினாள்.

அங்கே முகமெல்லாம் நரைத்த ஒரு செவலை நாய், தட்டு நிறையச் சோற்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தது. தின்னவில்லை.

அறிவுமதி அதன் கதையைச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், கடை திறந்த புதிதில், ஒருவன் நாலு நாளில் வந்துவிடுவதாகச் சொல்லி இதை விட்டுவிட்டுப் போனானாம். கொடுத்த பெயரும் பொய், நம்பரும் பொய்.

"மூஞ்சி மட்டும் மறக்கல. இன்னிக்குப் பாத்தாலும் சொல்லிடுவேன்" என்றாள் அறிவுமதி. "சோறு வச்சா வாய வைக்காதும்மா. எச்சி ஒழுகும், ஆனா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கும். என் ஆளு எங்கன்னு கேக்குது. நான் நகந்து ரொம்ப நேரம் கழிச்சு, வேற வழியில்லாம நாலு வாய் தின்னும். ரெண்டு வருசமா தெனமும் இதே கததான்."

"அவனெல்லாம் மனுசனாக்கா? என் கையில மட்டும் கெடச்சான்னா செருப்பாலயே..."

வேளாங்கண்ணி கிளம்பும் நேரத்தில் வாயில் வந்த வார்த்தைக்காக மாதாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் ஆறவில்லை. கேட்டைப் பார்த்து, "ஏங்க, கேட்டீங்களா இந்த அநியாயத்த?" என்றாள். ஹெல்மெட் திரும்பவில்லை. பெண்டாட்டி கத்தினால் மட்டும் இந்த மனுசனுக்குக் காது கேட்காது.

அதற்குப் பிறகு அவள் வாதாடவில்லை. ஆதார் கொடுத்தாள், அம்மாவின் நம்பர் கொடுத்தாள், டோபியை அணைத்துக்கொண்டு போட்டோவுக்கும் நின்றாள்.

"இவனுக்கு ஒரு பழக்கம் இருக்குதுக்கா. இப்பவே காட்டிடறேன், இல்லன்னா பட்டினி கெடப்பான்."

அறிவுமதி ஒரு தட்டில் சோறு போட்டு வைத்தாள். டோபி தட்டைத் தொடாமல் ஜாஸ்மினின் முகத்தையே பார்த்தபடி நின்றான்.

"செபம் சொல்லி முடிச்சாத்தான் வாய வைப்பான். எங்க வூட்டுக்காரு பழக்குனது. கல்யாணத்துக்கு முன்ன வச்சிருந்த நாய்க்கும் இதே மாதிரிதான் பழக்கியிருந்தாராம். பாவம், அது லாரியில அடிபட்டுச் செத்துப்போச்சு."

இதைச் சொல்லும்போது கிறிஸ்டோபர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. ஒன்றைப் பறிகொடுத்தவன், அதனால்தான் எந்த இடத்தைப் பார்த்தாலும் பயப்படுகிறான்.

அவள் நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை வரைந்து, அறிவுமதிக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே. ஆமென்."

டோபி குனிவதற்குள், மூலையில் தட்டு தரையில் உரசும் சத்தம் கேட்டது. செவலை நாய் சோற்றில் முகத்தைப் புதைத்து, இரண்டு வருடப் பசியோடு தின்றுகொண்டிருந்தது.

அறிவுமதி ஜாஸ்மினைப் பார்த்தாள். ஜாஸ்மின் கேட்டைப் பார்த்தாள். வெளியே பைக் ஸ்டார்ட் ஆனது.