கையில் ஒரு பெருக்கல் குறி

வாஷிங்டனில் இருந்த அந்தப் பாட்டுக் கிளப்பில் கொலீனுக்கு அன்று முதல் நாள் வேலை. மது குடிக்கும் வயது வராதவர்களின் புறங்கையில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டு உள்ளே விட வேண்டும். குறி இருந்தால் பாரில் மது ஊற்ற மாட்டார்கள்.

நரைத்த தாடிக்காரர் ஒருவர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"சார், இது சின்னப் பசங்களுக்கு! உங்களுக்கு எதுக்கு?"

"எனக்குக் குடி, புகை, போதை எதுவும் கிடையாதும்மா. போடு."

"வேணாம்னு சொன்னா போதாதா? யாரு புடிச்சு வாயில ஊத்தப் போறாங்க?"

"ஊத்துறவன் கண்ணுல படணும். பெருசாவே போடு."

சிரித்துக்கொண்டே போட்டாள். "அந்த ஆளு அவ்வளவு மோசமா?"

"பழைய குடிகாரன்மா. நம்ப முடியாது."

உள்ளே போனவர், பார் மேசைக்குப் பின்னால் நின்று, முதல் ஆளுக்கு பீர் ஊற்றத் தொடங்கினார்.