முடிச்சு

"ஆபீஸ் மூட அரை மணி நேரந்தான் இருக்கு, சட்டுனு சொல்லுங்க." மனைவி நஷ்டஈட்டுப் படிவத்தை விறுவிறுவென்று நிரப்பிக்கொண்டிருந்தாள். வலது கையை இழந்த கணவன் கட்டிலில் சாய்ந்திருந்தான்.

"மெஷினைத் துடைக்கும்போது, யாரும் ஓட்டிடாம இருக்க சுவிட்ச்ல சிவப்புத் துணி கட்டினீங்களான்னு கேட்டிருக்காங்க."

"மறந்துட்டேன்னு எழுது."

"அப்புறம் உங்க தப்புதான்னு கையை விரிச்சுடுவாங்க. கட்டினேன், அவிழ்ந்து விழுந்துடுச்சுன்னு எழுதட்டுமா?"

"நான் போட்ட முடிச்சு தானா அவிழாது. அவிழ்த்தது யாருன்னு தோண்டுவாங்க."

பேனா நின்றது. அந்தச் சிவப்புத் துணி ஒரு மாதமாக அவளுடைய கைப்பையின் அடியில்தான் கிடந்தது.

"நான் துடைச்சு முடிச்சுட்டேன்னு நினைச்சுத்தானே நீ சுவிட்சைப் போட்டே?" என்றான் மெதுவாக. "அதே ஃபேக்டரியில உன் வேலையாவது மிஞ்சட்டும். எழுதும்மா."